ரயிலை யாரோடு ஓட்டப் போகிறீர்கள்?

மாடல் ரயில் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது அளவைப் பற்றித்தான். எச்.ஓ. (HO) நல்லதா, 'என்' (N) நல்லதா? எது மலிவு, எதில் நம் ஊர்ப் பெட்டிகள் கிடைக்கும்? பதினொரு வருடமாக இந்த ஆசையோடு இருக்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் கேள்வி வேறு. ரயிலை யாரோடு ஓட்டப் போகிறீர்கள்? தனியாக ரசிப்பதற்கு என்றால் மனதுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை. மனைவி, பிள்ளைகள், வயதான அப்பா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் நண்பர்கள் எல்லாரும் கூட உட்கார வேண்டும் என்றால் வாங்க வேண்டியதும் மாறும், வைக்க வேண்டிய இடமும் மாறும்.

எங்கள் வீட்டில் நாலு விதமாகவும் செய்து பார்த்துவிட்டோம். அறையில் நிரந்தரமாக ஒரு பெரிய மேசை. விசேஷ நாளில் தரையில் விரிக்கும் வட்டப் பாதை. ஷண்டிங், அதாவது வேகன்களைப் பிரித்துக் கோக்கிற வேலை, மட்டும் செய்கிற ஒற்றைப் பலகை. நண்பர்கள் ஆளுக்கொரு துண்டாகச் செய்து சேர்க்கிற டி-டிராக். இவற்றை ஒப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான்: வந்தவர் கைக்கு என்ன வேலை கிடைக்கிறது?

சரி, அளவு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எச்.ஓ. என்பது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். பிரிட்டனில் ஓடுகிற ஓ.ஓ. கொஞ்சம் பெரியது, 76-இல் ஒரு பங்கு. ஆனால் பாதை அதே 16.5 தான். அதனால் லண்டனிலிருந்து சித்தப்பா வாங்கிவரும் ஹார்ன்பி ரயில் உங்கள் எச்.ஓ. பாதையில் ஓடும். ஜெர்மனியிலிருந்து யாராவது மார்க்லின் எச்.ஓ. வாங்கிவந்தால் கவனம் வேண்டும். அது பாதையின் நடுவில் மூன்றாவது மின்தொடர்பு வைத்து ஓடுகிற முறை. சாதாரண இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும். பரிசாக வரும் ரயிலில் ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெளிநாட்டு உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

'என்' அளவு 160-இல் ஒரு பங்கு, பாதை 9 மி.மீ. 1962-இல் நூரம்பெர்க்கின் ஆர்னால்ட் நிறுவனம் கொண்டுவந்தது. இப்போது எக்ஸ்பிரஸ்களில் ஓடுகிற ஒரு எல்.எச்.பி. பெட்டி எச்.ஓ.வில் 27 செண்டிமீட்டர் வரும், 'என்' அளவில் 15-க்கும் குறைவு. இருபத்துநாலு பெட்டி எக்ஸ்பிரஸ் முழுசாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் எச்.ஓ.வில் பெட்டிகள் மட்டுமே ஆறரை மீட்டர், 'என்' அளவில் மூன்றரை மீட்டர். கண்ணுக்கு நீளமான ரயில் வேண்டுமென்றால் 'என்'. கையால் எடுத்துத் தண்டவாளத்தில் வைக்கிற வேலையைப் பிள்ளைகளும் பெரியவர்களும் செய்ய வேண்டுமென்றால் எச்.ஓ. மூக்குக் கண்ணாடி போட்ட அறுபது வயதுக்காரரிடம் 'என்' அளவுப் பெட்டியைக் கொடுத்துப் பாதையில் ஏற்றச் சொல்லிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பெரிய மேசை

என் ஆசை தொடங்கியது இதில்தான். கடையில் கிடைக்கிற எட்டுக்கு நாலு அடி பிளைவுட், அடியில் மரச்சட்டம், மேலே இரட்டைப் பாதை, ஒரு ஸ்டேஷன், ஒரு குன்று, அதற்குள் ஒரு சுரங்கம். பதினாலு மாதம் ஆயிற்று. சாயங்காலம் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஸ்டேஷன் விளக்கு மட்டும் எரிய, பாசஞ்சர் வண்டி மெதுவாக வளைவில் திரும்புவதைப் பார்த்தால் நாள் முழுதும் இருந்த அலுப்பு இறங்கிவிடும். அந்த நிம்மதியை எனக்குக் கொடுத்த மேசை அது.

பார்க்க வந்தவர்கள் கதவருகே நின்றார்கள். ரயில் இரண்டு சுற்று வந்தது. "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்கள். மூன்றாவது சுற்றில் கண் ஹால் பக்கம் திரும்பிவிட்டது. அப்போது மகளுக்கு ஆறு வயது. அவள் மட்டும் விரல்நுனியில் எக்கி நின்று, "அப்பா, நான் எப்போ ஓட்டுறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அந்த அறையில் அதிகம் சொன்ன வார்த்தை "தொடாதே" என்பது என்று ஒருநாள் மனைவி சொன்னாள். அது எனக்கு வலித்தது, ஏனென்றால் உண்மை.

மேசையை ஒழுங்காகச் செய்தால் அதிலும் மற்றவர்களைச் சேர்க்க முடியும். அதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது இடம். நாலடி அகல மேசையில் ஒரு பக்கத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கை எட்டாது. முக்கால் மீட்டருக்கு மேல் எட்டிப் பிடிக்கப் போனால் முழங்கை பட்டு மரமும் கம்பமும் சாயும். அதனால் இரண்டு பக்கமும் நடக்க வழி விட வேண்டும். சென்னை அடுக்குமாடி வீட்டின் பத்துக்குப் பதினோரு அடி அறையில் அப்படி வைத்தால் அந்த அறை அதோடு சரி, மூன்று பேர் நிற்கவே நெருக்கம். இன்னொரு சங்கடமும் உண்டு. நாலடி அகலத்தில் வளைவின் ஆரம் அதிகபட்சம் 55 செண்டிமீட்டர் வரும். முழு நீள எல்.எச்.பி. பெட்டி அதில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது உயரம். பெரியவர்களுக்கு ரயில் நெஞ்சுயரத்தில் ஓடினால் அழகு. பிள்ளைகளுக்கு எழுபது செண்டிமீட்டருக்கு மேல் போனால் ஒன்றும் தெரியாது. மேசையைத் தாழ்த்த மனமில்லை என்றால் உறுதியான முக்காலி ஒன்றாவது அறையிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: மற்றவர்களுக்கு ஒரு கைப்பிடி. ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் உலகின் மிகப் பெரிய மாடல் ரயில் அமைப்பு. அவ்வளவு பெரிய இடத்திலேயே பார்வையாளர்கள் அழுத்துவதற்கென்று ஓரமெங்கும் பொத்தான்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றை அழுத்தினால் ஒரு சின்னக் காட்சி அசையும். சாக்லேட் தொழிற்சாலைப் பொத்தானை அழுத்தினால் நிஜமாகவே ஒரு சாக்லேட் வந்து விழும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஓடுகிற இடத்துக்கே அது தேவைப்படுகிறது என்றால் நம் வீட்டு மேசைக்குத் தேவைப்படாதா? ஒரு லெவல் கிராசிங் கேட், ஒரு சிக்னல், ஊர்க் கோயிலில் ஒரு விளக்கு. மூன்றுக்கும் ஆளுக்கொரு பொத்தான் வைத்ததும் எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் அறையை விட்டு நகரவில்லை.

கூடவே டி.சி.சி. என்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய டி.சி. முறையில் பாதைக்குப் போகும் மின்சாரத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறோம். அதே பாதையில் இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், ஓட்டுநர் ஒருவர்தான். டி.சி.சி.யில் ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் கட்டளையைப் படிக்கிற ஒரு டீகோடர், அதற்கென்று ஓர் எண். ஒரே பாதையில் இரண்டு பேர் இரண்டு வண்டி ஓட்டலாம். ஆர்டுயினோ என்கிற சின்ன மின்னணுப் பலகையில் டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவச மென்பொருளை ஏற்றி வீட்டிலேயே கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் இன்ஜின் டிரைவர் என்ற செயலியைப் போட்டால் போனே த்ராட்டில், அதாவது வேகத் திருகி, ஆகிவிடும். வந்தவர் தன் போனையே எடுத்து ரயிலை ஓட்டுவார். சின்னப் பிள்ளைகள் முழு வேகத்துக்குத் திருகிவிடுவார்களே என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது: டீகோடரில் சி.வி. 5 என்ற இடத்தில் உச்ச வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டால் எவ்வளவு திருகினாலும் ரயில் அந்த வேகத்தைத் தாண்டாது. அதற்கப்புறம் நான் "மெதுவா, மெதுவா" என்று கத்துவது நின்றது.

தரையில் ஒரு வட்டம்

மார்க்லின் 1891-இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்து ஓடும் ரயிலை 8 வடிவப் பாதையோடு வைத்தார்கள். ரயிலோடு பாதைத் துண்டும் ஸ்டேஷனும் வருடாவருடம் வாங்கிச் சேர்க்கலாம் என்ற பழக்கம் அந்தக் காலத்தில்தான் பிடித்தது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் மரத்தடியில் ரயில் ஓடுவது குடும்பப் பழக்கம். வருடத்தில் சில வாரம் மட்டும் வெளியே வரும், அப்புறம் பெட்டிக்குள் போய்விடும். நமக்கு அதற்கு நேரான இடம் கொலு. படிக்குப் பக்கத்தில் பார்க் போடுவோம் இல்லையா, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்கவைத்துப் புல்வெளி செய்வோமே, அதைச் சுற்றி ஒரு ரயில்.

இதன் பலம் என்னவென்றால், பார்க்க வருகிறவர்களை நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. ஒன்பது நாளும் அவர்களே வருவார்கள். பக்கத்து வீட்டு மாமி, அவருடைய பேரன், மனைவியின் அலுவலகத் தோழிகள், எல்லாரும். அளவு சரியில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செட்டியார் பொம்மையின் மளிகைக் கடை வாசலில் எக்ஸ்பிரஸ் நிற்பது கொலுவில் இயல்பு. சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் கையில் கட்டுப்பாட்டுத் திருகியைக் கொடுக்கலாம். ஒரு வட்டம்தான், என்ன தவறு நடந்துவிடும்?

இதற்கு எச்.ஓ. அல்லது ஓ.ஓ.வைத்தான் சொல்வேன். பாதை, அடியில் பிளாஸ்டிக் படுகையோடு வந்து கிளிக் என்று மாட்டிக்கொள்ளும் ரகமாக இருக்க வேண்டும். காடோவின் யூனிடிராக், பாக்மன் ஈ-இசட் டிராக் இரண்டும் அப்படிப்பட்டவை. ஹார்ன்பியின் இரண்டாம் ஆர வளைவு 438 மி.மீ.; முழு வட்டம் போட்டால் குறுக்கே தொண்ணூறு செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். டைல்ஸ் தரை மிகவும் நல்லது. ஜமக்காளத்தின் மேல் போடாதீர்கள், நூல் அச்சில் சுற்றிக்கொள்ளும், தலைமுடியும் அப்படித்தான். முளைப்பாரியின் ஈர மண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளியே பாதை போகட்டும். ஜிகினாத் தூள் பறக்கிற இடத்தில் இன்ஜினை நிறுத்தாதீர்கள். மண் துகள் பல்சக்கரத்துக்குள் போனால் சத்தம் மாறிவிடும், அப்புறம் பிரித்துத் துடைக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

பாதையைத் துடைப்பதும் இதில் தினப்படி வேலை. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. ஊதுபத்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சென்னைத் தூசியும் தண்டவாளத்தில் படிந்தால் இன்ஜின் விக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மாலை விளக்கேற்றும் முன் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும். மகள் இந்த வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டாள்.

என் கைக்காசு போன ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் வாங்கிய ரயில் செட் அமெரிக்காவிலிருந்து வந்தது. அடாப்டரின் அடியில் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததைப் பார்க்காமல் நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் செருகிவிட்டேன். ஒரு நொடி, கருகிய வாசனை. ஜப்பானியச் செட்டுகளில் 100 வோல்ட் என்று இருக்கும். பாதையில் ஓடுவது சுமார் 12 வோல்ட், தொட்டால் ஒன்றும் ஆகாது. சுவர்ப் பக்கம்தான் கவனம் வேண்டும். பிள்ளைகள் சூழ ரயில் ஓட்டும் வீட்டில் அடாப்டரைக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இதன் குறை, பத்தாம் நாள் எடுத்து வைத்ததும் முடிந்துவிடுவது. பொங்கல் விடுமுறைக்கும் பிறந்தநாளுக்கும் மறுபடி எடுக்கலாம், நாங்கள் எடுக்கிறோம். ஆனாலும் வட்டம் வட்டம்தான். பெரியவர்களுக்கு அரை மணிக்கு மேல் அதில் செய்ய ஒன்றும் இல்லை.

நாலு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இவை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். மர ரயில் வாங்குங்கள். ஸ்வீடனின் பிரியோ 1958-லிருந்து செய்கிறது. ஐகியாவின் லில்லாபோ அதோடு சேரும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் கிடையாது, சுத்தம் செய்ய ஈரத்துணி போதும். குழந்தை பாதையைக் கோணலாகப் போடும், நீங்களும் தரையில் படுத்துக்கொண்டு சேர்ந்து போடலாம். அக்கா மகன் மூன்று வயதில் அப்படித்தான் தொடங்கினான்.

ஒற்றைப் பலகை

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நாலரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரே ஒரு பலகை. சுற்றி வரும் பாதை கிடையாது. மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைப்பாதை), அவற்றைப் பிரிக்க இரண்டு பாயிண்ட் (ரயிலைப் பாதை மாற்றிவிடும் துண்டு), இன்ஜின் முன்னும் பின்னும் போக ஒரு தனிப்பாதை. இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் வகுத்த புதிர் இது, இங்கிள்நுக் சைடிங்ஸ் என்று பெயர். விதி எளிமையானது. நீள சைடிங்கில் ஐந்து வேகனுக்கு இடம் உண்டு, மற்ற இரண்டிலும் மும்மூன்றுக்கு. தனிப்பாதையில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும்தான் பிடிக்கும். மொத்தம் எட்டு வேகன். சீட்டு எடுத்து, எட்டில் எந்த ஐந்து, எந்த வரிசையில் என்று முடிவு செய்து, அந்த ரயிலைக் கோத்து நீள சைடிங்கில் நிறுத்த வேண்டும். வரிசைகள் மொத்தம் 6720 வரும். ஒரே ஆட்டம் திரும்ப வருவது அபூர்வம்.

நான் இதை இடமில்லாத குறைக்காகத்தான் செய்தேன். பெரிய மேசையை மகளின் படிப்பு மேசைக்காகக் கலைக்க வேண்டி வந்தது, கையில் மிச்சம் இரண்டு பாயிண்டும் ஒரு சின்ன டீசல் இன்ஜினும் இருந்தன. நாலு சக்கர வேகன்கள் எட்டு. மகள் சீட்டுகள் வரைந்தாள்: கோதுமை, நிலக்கரி, சிமெண்ட், பால் டேங்கர், உப்பு என்று ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு படம். பலகையைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தோம். மகள் ஓட்டினாள், நான் பாயிண்ட் மாற்றினேன், மனைவி சீட்டைப் பார்த்து அடுத்து எந்த வேகன் என்று சொன்னாள். மூன்று பேருக்கும் வேலை இருந்தது. ஒருவர் யோசித்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். முதல் ஆட்டம் முடிய நாற்பது நிமிடம். இப்போது பதினைந்து.

அப்பா அரக்கோணம் யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். என் பெரிய மேசைக்கு அவர் ஒருமுறை வந்து பார்த்தார், "நல்லா செஞ்சிருக்கே" என்றார், பேப்பர் படிக்கப் போய்விட்டார். நிஜ ரயிலோடு முப்பது வருடம் இருந்தவருக்கு பொம்மை ரயிலில் ஈடுபாடு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பலகை வந்த மூன்றாவது நாள், நானும் மகளும் ஒரு வேகனை வெளியே எடுக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தபோது, சோபாவிலிருந்தே அவர் குரல் வந்தது. "உப்பு வண்டியைத் தனியா மூணாம் லைன்ல தள்ளுடா. அப்புறம் நிலக்கரியை எடு."

எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் என்னை விட்டு விலகிப் போ என்று அர்த்தம், உடம்புக்குக் குறுக்கே பக்கவாட்டில் ஆட்டினால் என்னை நோக்கி வா என்று அர்த்தம், கொடி இல்லாவிட்டால் கையாலேயே காட்டலாம் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார். பழைய நாலு சக்கர வேகன்களில் கப்ளிங் மாட்ட இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து போவது எப்படி இருக்கும், மழை நாளில் தண்டவாளத்துக் குறுக்குக்கட்டை எப்படி வழுக்கும், எல்லாம் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். நான் அவர் மகன், நாற்பத்துமூன்று வயது வரை இதையெல்லாம் கேட்டதில்லை. இன்ஜின் தானாகச் சுற்றி வந்துகொண்டிருந்த மேசையில் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லாதிருந்தது. பலகையில் அவருடைய தொழிலே இருந்தது.

செய்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாயிண்ட் நல்லதாக இருக்க வேண்டும், இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். பீகோவின் சின்ன ஆர பாயிண்ட் இதற்குப் போதும். மெதுவாக ஓடும் இன்ஜின்தான் தேவை, அழகு இரண்டாம் பட்சம். வேகனைக் கழற்ற காந்தத்தால் வேலை செய்யும் கேடி கப்ளர்கள் உண்டு. நாங்கள் காந்தத்தைப் பொருத்தவில்லை, மெல்லிய மூங்கில் குச்சியைக் கப்ளருக்கு நடுவே விட்டுத் திருப்புகிறோம். பிள்ளைகளுக்கு அந்தக் குச்சி வேலைதான் ரொம்பப் பிடிக்கிறது. டி.சி. கட்டுப்பாடே போதும், ஓடுவது ஒரே இன்ஜின்தானே. முடிந்ததும் பலகையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, பழைய வேட்டியால் மூடிவிடலாம்.

அழகு குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலையும் சுரங்கமும் நீண்ட எக்ஸ்பிரஸும் இதில் கிடையாது. ரயில் காற்றாய்ப் பறப்பதைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு இது ஏமாற்றம்தான். ஏழெட்டு வயதுக்கு மேல், யோசிக்கப் பிடித்தவர்களுக்கு இது.

நண்பர்களோடு டி-டிராக்

பிளாட்பார முனையில் நின்று இன்ஜின் நம்பர் பார்க்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் இதை யோசியுங்கள். 'என்' அளவு, காடோ யூனிடிராக், மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டிகள். ஒற்றைப் பெட்டியின் அகலம் 308 மி.மீ., இரண்டு பாதைக்கு நடுவே 33 மி.மீ. எல்லாரும் இந்த அளவைக் காப்பாற்றினால் போதும். பாதைத் துண்டுகள் தம்மைத் தாமே பிடித்துக்கொள்ளும், ஆணியும் கிளாம்பும் வேண்டாம். ஒரு அடிப் பெட்டி என்பதால் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்திலேயே எடுத்துப் போகலாம்.

நாங்கள் ஐந்து பேர். மூலைப் பெட்டி நாலையும் ஒருவர் செய்தார். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டோ மூன்றோ. மொத்தச் செலவும் ஒருவர் தலையில் விழவில்லை, இடமும் ஒருவர் வீட்டில் அடையவில்லை. ஒரு நண்பர் கல்லாறு–குன்னூர் மலைப்பாதையைச் செய்தார். நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். 160-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 6.25 மி.மீ. வருகிறது, 'என்'னைவிடச் சின்னதான இசட் (Z) அளவுப் பாதை 6.5 மி.மீ. எனவே முன்னால் 'என்' பாதையில் அகல ரயில் ஓட, பின்னால் குன்றில் இசட் பாதைத் துண்டு ஒன்று, நடுவில், ஏற்றத்தில் இன்ஜினின் பல்சக்கரம் பற்றிக்கொள்ளும் பல்சட்டத்துக்காகச் செதுக்கிய பிளாஸ்டிக். மலை ரயில் ஓடாது, நின்றுகொண்டிருக்கும். அவருடைய அம்மா குன்னூர்க்காரர். முதலில் அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் உட்காருகிறவர் அவர்தான்.

குறை என்னவென்றால், சேர்ந்தால்தான் ரயில். ஒருவர் வரவில்லை, அதிலும் மூலைப் பெட்டிக்காரர் வரவில்லை என்றால் வட்டம் மூடாது. மாதம் ஒருமுறை கூடுவது என்று பேசினோம், இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பிள்ளைகளுக்கும் இது சற்றுத் தூரம்தான். 'என்' அளவுப் பெட்டி சின்ன விரலுக்கு நுணுக்கமானது, ஒவ்வொருவரும் மாதக்கணக்கில் செய்த பெட்டி என்பதால் "தொடாதே" மறுபடி வந்துவிடுகிறது. அதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு: ஒரு பெட்டி முழுக்கப் பிள்ளைகளுடையது. களிமண்ணில் மாடும் வீடும் செய்து அவர்களே நிரப்பினார்கள்.

இனி எதை எடுப்பது என்று கேட்டால், நான் இப்படித்தான் சொல்வேன். ரயிலுக்கென்று தனி அறை விடக்கூடிய வீடு, பத்து வயது தாண்டிய பிள்ளைகள், ஆர்டுயினோவில் கை வைக்கத் தயங்காத ஒருவர், இந்த மூன்றும் இருந்தால் பெரிய மேசை. இல்லாவிட்டால் அதை முதலில் தொடாதீர்கள். என்னைப் போல அங்கிருந்து தொடங்கினால் வீட்டிலிருப்பவர்கள் ஓரமாகவே நின்று பழகிவிடுவார்கள், அப்புறம் அவர்களை உள்ளே கூப்பிடுவது கஷ்டம். உறவும் அக்கம்பக்கமும் வந்துபோகிற வீடாக இருந்தால் கொலு வட்டம், சந்தேகமே வேண்டாம். நண்பர் கூட்டம் உண்டு, வீட்டில் யாருக்கும் ஆர்வமில்லை என்றால் டி-டிராக்.

பணம் கணக்கில் பலகைக்கு மிஞ்சியது இல்லை. ஒரு இன்ஜின், எட்டு வேகன், இரண்டு பாயிண்ட், கொஞ்சம் பாதை. நல்ல எச்.ஓ. இன்ஜின் ஒன்று சுங்க வரியோடு இங்கே வந்து சேரும்போது ஐந்திலக்கத்தைத் தொடலாம், பெரிய மேசைக்கு அப்படி நாலைந்து வேண்டும். ஒரே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் பலகையைத்தான் எடுப்பேன். அதே இன்ஜினும் அதே வேகன்களும் 16.5 மி.மீ. பாதைதான் என்பதால் நவராத்திரிக்குக் கொலு வட்டத்திலும் ஓடும். கூடுதலாக வாங்க வேண்டியது வளைவுத் துண்டுகள் மட்டும்.

இந்த வருடம் கொலுவில் வட்டத்தின் ஓரமாகப் பலகையையும் சேர்க்கப் போகிறோம். சுற்றி வரும் ரயில் ஒரு நாளைக்கு ஒருமுறை நிற்கும், வேகன்களைப் பிரித்து வேறு வரிசையில் கோத்து அனுப்ப வேண்டும். சீட்டு எடுப்பது அன்றைக்கு வந்த விருந்தாளி. அப்பா கேட்டது ஒன்றுதான், விரல் அளவுக்கு ஒரு பச்சைக் கொடி. மகள் தைத்துக்கொண்டிருக்கிறாள்.